கன்னிமூலையில் ஒரு கருங்கல்

நெடுங்கண்மாய் ஊருக்கு மேற்கே, மில்லுக்குப் பின்னால், பருத்தி விளைந்து ஓய்ந்த கரிசல் காட்டை மனைகளாகப் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாகச் சாலை போட்டு, மனைக்கு மனை வெள்ளையடித்த கல் ஊன்றி, வாசலில் வளைவு கட்டி, தனம் நகர் என்று பெயர் எழுதிய வருடத்தில்தான் அந்த நிலம் ஆட்டத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட ஆரம்பித்தது. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஊர் எங்களுடையது. நடந்துவிட்ட ஒன்றைப் பார்த்து ஏன் நடந்தாய் என்று கேட்கிற பழக்கம் எங்களை விட்டு எப்போதோ போய்விட்டது.

ஆட்டம் என்றால் கோ. மில்லில் நூற்பு இயந்திரங்களை மாட்டித் தர வந்த நகமுரா என்ற ஜப்பான்காரர், சாயங்காலங்களில் கேன்டீன் மேசைமேல் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு எங்களுக்குப் பழக்கிவிட்டுப் போன ஆட்டம். ஒருவருக்குப் புளியமுத்து, மற்றவருக்குச் சோழி. கோடுகள் கூடும் இடத்தில் ஆளுக்கொரு காயாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வைத்த காயை நகர்த்தக் கூடாது. மூச்சுவிட இடமில்லாமல் எல்லாப் பக்கமும் எதிராளி அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காய் எடுபட்டுப் போகும். ஆனால் ஒரு கூட்டம் காய்கள் தங்களுக்குள்ளே ஒன்றோடொன்று சேராத இரண்டு வெற்றிடங்களை வைத்துக்கொண்டுவிட்டால், வெளியே எவ்வளவு பெரிய படை சூழ்ந்து நின்றாலும் அவற்றை அசைக்க முடியாது, ஏனென்றால் எவனாலும் ஒரே முறையில் இரண்டு இடத்தில் காய் வைக்க முடியாது. அந்த வெற்றிடத்தை நகமுரா தன் கண்ணைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். மதகுக்கும் கண், பாலத்துக்கும் கண், தேங்காய்க்கும் கண் என்று வைத்துப் பேசுகிற எங்களுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது.

பிடிபடாமல் போனது பெயர்தான். கோ என்றால் ராஜா என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் காய்களில் ராஜாவைக் காணோம், எல்லாம் ஒரே புளியமுத்து, எல்லாம் ஒரே சோழி. நகமுராவிடம் கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஆகவே ராஜா ஒளிந்திருக்கிறார் என்று நாங்களே முடிவுக்கு வந்தோம். எந்தக் காய் ராஜா என்று தெரியாததால் எடுபட்ட ஒவ்வொரு காயையும் ராஜாவாகவே நடத்தினோம். ஜெயித்தவன் அதைத் தூக்கி டப்பாவில் போடாமல், கண்ணில் ஒற்றிக்கொண்டு, துண்டை விரித்து அதன்மேல் வரிசையாக வைப்பான். உலகத்தில் வேறெங்கும் அப்படி ஆட மாட்டார்கள் என்று பின்னால் தெரிய வந்தபோது எங்களுக்கு வெட்கமாக இல்லை, உலகத்தின்மேல்தான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மில்லில் எல்லோரையும்விட நன்றாக ஆடியவர் ஸ்டோர் சூப்பர்வைசர் தனுஷ்கோடி. மில் ஆளைக் குறைத்தபோது அவர்தான் கரிசல் காட்டை வாங்கி மனை போட்டார், பெண்டாட்டி பெயரையே நகருக்கு வைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் பாதியில் விடத் தெரியாதவர், அவ்வளவுதான். மனை வாங்கியவர்களுக்கெல்லாம் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கு மூலையில், பிள்ளையார் கோயில் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார், அந்த மூலையை மட்டும் கல் ஊன்றாமல் காலியாக விட்டிருந்தார்.

அந்த மூலைக்குத்தான் சீனித்தாய் வந்தாள். கண்மாய்க் கரையில் குடிசை போட்டிருந்த குடும்பங்களைக் கரையைப் பலப்படுத்தப்போகிறோம் என்று கிளப்பிவிட்ட சமயம் அது. மற்றவர்கள் அக்கா வீடு, மச்சான் வீடு என்று சிதறிப்போனார்கள். சீனித்தாய்க்குப் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். இருந்ததெல்லாம் கனி என்று ஒரு மகள், அவளும் கட்டிக்கொடுத்த ஊரில் முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெற வேண்டும். வளைகாப்புப் போட்டு, பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வர ஒரு தாய்வீடு வேண்டும். கனியின் மாமியார் பூரணம் ஊர்க் கூட்டத்தில் வைத்தே கேட்டுவிட்டாள்: “மருமகளக் கூப்பிட வருவீகளே மதினி, கூப்பிட்டு எங்க வச்சுக்கிருவீக, புளியமரத்தடியிலயா?”

சீனித்தாய் ஒரு விடிகாலையில், மில்லுக்குப் பக்கத்துக் குவாரியில் சல்லிக்காக உடைத்துப் போட்டிருந்த கருங்கல்லில் ஒன்றைச் சும்மாட்டின்மேல் சுமந்து வந்து, இரண்டு பக்கமும் சுற்றுச்சுவர் வந்து கூடுகிற அந்தக் கன்னிமூலைக்குச் சற்று உள்ளே தள்ளி, கடப்பாரையால் குழி போட்டு ஊன்றினாள், அதன்மேல் ஒரு சேலையைக் காயப்போட்டாள்.

தனுஷ்கோடி வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தன் ஆட்களை வைத்து அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். அவருக்கு அது தோன்றவே இல்லை, வைத்த காயைக் கையால் எடுக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் ஊன்றினார். இரண்டாவதையும் ஊன்றப் போனபோது மண் இறுகிவிட்டது. கடப்பாரை இரும்பில் பட்டதுபோல் கணகணவென்று துள்ளியது. சீனித்தாய் தன் கருங்கல்லை வைத்த பிறகுதான் மண் மறுபடி இளகியது. அங்கே நின்றிருந்த மில்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஆளுக்கு ஒண்ணு,” என்றான் ஒருவன்.

கரையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரு கை, தனுஷ்கோடியும் அவரிடம் மனை வாங்கியவர்களும் ஒரு கை என்று மண்ணே பிரித்துக்கொண்டது. ஊன்றுகிற எதுவும் காய்தான், கல்லானாலும் தூணானாலும் ஆட்டைக் கட்டுகிற முளைக்குச்சியானாலும். வைக்க விருப்பமில்லை என்றால் மண்ணைத் தொட்டுப் போதும் என்று சொன்னால் முறை மற்றவருக்குப் போய்விடும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, செய்துபார்த்துத் தெரிந்துகொண்டோம், தெரிந்துகொண்டதும் அது எப்போதும் இருந்துவந்ததுபோல் ஆகிவிட்டது.

எடுபடுவது எப்படி என்று இருளப்பன் மூலமாகத் தெரிந்தது. அவனும் கரைக்காரன், சீனித்தாயைப் பார்த்து வடக்கு ஓரத்தில் வந்து கல் ஊன்றிக் குடிசை போட்டான், நடுவில் ஒரே ஒரு முற்றம் விட்டான், நல்ல அகலமான முற்றம், ஆனால் ஒன்றுதான். வெள்ளைக் கல் சுற்றி வந்து, கடைசிக் கல் அந்த முற்றத்தில் விழுந்த மறுநாள் விடிந்தபோது, குடிசை அங்கே இல்லை. பானை, பாய், ஆடு, அடுப்பு எல்லாம் தார்ரோட்டு ஓரத்தில் ஒரு கீறல் இல்லாமல், துண்டின்மேல் காய் வைத்ததுபோல் வரிசையாக இருந்தன; அடுப்பில் நெருப்புகூட அணையவில்லை. நிலம் சமமாகக் கிடந்தது. அதைவிடக் கொடுமை, அந்தக் குடிசை எந்த இடத்தில் இருந்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. இருளப்பனுக்கே இல்லை. “ஏதோ ஒரு வாசல்ல உக்காந்து சோறு தின்னாப்ல இருக்கு அண்ணாச்சி,” என்றான் டீக்கடையில், “எந்த வாசல்னுதான் தட்டுப்பட மாட்டேங்குது.” அவன் தன் தம்பி இருக்கிற ஊருக்குப் பஸ் ஏறிப் போனான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தொலைத்தது என்ன என்றே தெரியாமல் தேடுகிறவனுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. ஷிப்ட் முடிந்தவர்கள் நேராகக் கன்னிமூலைக்கு வந்து, சோற்றுவாளியைத் திறந்துவைத்துக்கொண்டு அன்றைய கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். வளைவுக்கு வெளியே வடைக்கடை வந்தது. வீடு கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம் முதலில் கண் எத்தனை என்று கேட்டார்கள், தரகர்கள் “மாப்பிள்ளை வீட்டுக்கு ரெண்டு கண்ணு உண்டுங்க” என்று சொல்லிச் சம்பந்தம் பேசினார்கள், அண்ணன் தம்பி சொத்துத் தகராறுகளில் யார் யாரை மூச்சுமுட்ட அடைக்கிறார்கள் என்று ஊரே வெளிப்படையாகப் பேசிற்று, மாமியாரோடு ஒரே அறையில் கிடந்து வாடிய பெண்கள் தங்களுக்கென்று ஒரு காலி மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நாத்திகம் பேசுகிற எங்கள் யூனியன் செயலாளர்கூட ஆபீஸ் அறையில் ஒரு நாற்காலி போடாத இடத்தை விட்டுவைத்தார், கேட்டால் காற்றோட்டத்துக்காக என்றார்.

சீனித்தாய் மில்லில் கூட்டிப் பெருக்கியவள். கேன்டீனைத் துடைக்கும்போது, ஆட்டம் முடியும்வரை துடைப்பத்தோடு நின்று பார்த்தவள். யாரும் அவளை ஆடக் கூப்பிட்டதில்லை. ஆனால் மூலையின் சூட்சுமம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நடுவெளியில் ஒரு கண் வைக்க நாலு பக்கமும் கல் வேண்டும். மூலையில் இரண்டு பக்கத்தைச் சுவரே பார்த்துக்கொள்ளும். தனுஷ்கோடி வெளியிலிருந்து நெருக்கினார், அவள் சுவரோடு நகர்ந்தாள். அவர் குறுக்கே வெட்டினார், அவள் ஒரு கல்லைப் பறிகொடுத்து இரண்டடி உள்ளே வாங்கினாள். கல் சுமந்து சுமந்து அவள் உச்சந்தலையில் முடி கொட்டிவிட்டது. கடைசியில் ஒரு நாள், மூலையோடு ஒட்டி ஒரு பாய் அகலத்தில் ஒரு வெற்றிடமும், அதற்கு இந்தப்புறம் அதே அளவில் இன்னொன்றும், நடுவே கற்களின் தடுப்புமாக, அவள் கல் விழுந்த சத்தத்தோடு மூலை உயிர்பிடித்தது.

தனுஷ்கோடி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “பொழைச்சிட்ட தாயி,” என்றார். கூடியிருந்தவர்கள் கைதட்டவில்லை, அது கைதட்டுகிற இடம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. சிலர் அழுதார்கள், நானும் அழுதேன்.

ஆனால் உயிர்பிடித்த வீட்டில் இருக்க இடம் இல்லை. இரண்டு கண்ணிலும் எதையும் ஊன்றக் கூடாது, ஊன்றினால் அந்தக் கண் அடைபட்டுப் போகும். நடக்கலாம், உட்காரலாம், பாய் விரித்துப் படுக்கலாம், கூரை போடத் தூண் நடக் கூடாது. தூண் நட முடிந்ததெல்லாம் நடுத்தடுப்பின்மேல் மட்டும்தான், அங்கே ஒரு தகரத்தைப் போட்டு ஒருவர் ஒருக்களித்துப் படுக்கலாம், புரண்டால் வெயில்.

வளைகாப்பு முடிந்து கனி வந்தாள். பெருத்த வயிறோடு வாசலில் நின்று அந்த வீட்டைப் பார்த்தாள்.

“என்னம்மா இது, ரெண்டு பக்கமும் இம்புட்டு இடம் சும்மா கெடக்கு, ஒரு பக்கம் கூரை போட்டா என்ன?”

“சும்மா கெடக்குறதாலதான் புள்ள வீடு நிக்கிது.”

“அப்ப நா எங்க படுக்க?”

சீனித்தாய் மகளைத் தகரத்தடியில் படுக்கவைத்துவிட்டு, தான் வெறும் வானத்தடியில் பாய் விரித்துக்கொண்டாள். வானம் வறண்டிருந்தது; அந்த ஊரில் மழை வரும் என்று யாருக்குத் தோன்றும்? தனுஷ்கோடி மற்ற மனைகளில் ஒவ்வொரு வீடாகக் கட்டிவந்தார். அவர் முறை முடிந்த ஒவ்வொரு தடவையும் சீனித்தாய் மண்ணைத் தொட்டுப் போதும் என்றாள். பிள்ளை பிறந்து, முப்பதுக்குத் தலைக்கு ஊற்றி, மகளைச் சீரோடு அனுப்புகிறவரை இப்படியே போய்விட்டால் போதும் என்றுதான் அவள் நினைத்தாள். அதற்குமேல் அவள் ஒன்றும் ஆசைப்படவில்லை.

மழை வந்தது. சொன்ன நாளுக்கு வெகு முன்னால் கனிக்கு வலியும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லியாயிற்று. வண்டி வளைவுக்கு அந்தப்பக்கம் கரிசல் சேற்றில் அச்சுவரை புதைந்து நின்றது. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் கனி தொடவிடவில்லை. வண்டியில் வந்த நர்ஸ் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் நடந்தே வந்து சேர்ந்தாள், வந்ததும் தகரத்தடியை எட்டிப் பார்த்தாள்.

“இதுக்குள்ள நான் எங்க உக்கார? வேற இடம் இல்லையாம்மா?”

சீனித்தாய் மழையில் நின்றாள். அன்று காலை தனுஷ்கோடி யாருக்கோ வாசல்கல் ஊன்றியிருந்தார், அவள் இன்னும் போதும் சொல்லவில்லை. முறை அவளுடையது. நாங்கள் எல்லோரும் சுவருக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றோம். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மிச்சமிருந்த கருங்கல்லை உருட்டிக்கொண்டு வந்து, சுவரோரக் கண்ணின் நடுவில் ஊன்றினாள். மண் குழைந்து கொடுத்தது. கல்லோடு ஒரு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, தார்ப்பாயைச் சுவருக்கும் மூங்கிலுக்குமாக இழுத்துப் பிடித்தாள். ஒருவர் படுக்க, பக்கத்தில் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு வீடு ஆயிற்று. “இப்ப கூட்டிட்டு வாங்க எம்மகள,” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. மழையும் விட்டது.

தனுஷ்கோடி வந்து நின்றார். கையில் வெள்ளைக் கல் இருந்தது. மற்றொரு கண்ணில், கடைசியாகக் காலியாக இருந்த அந்த ஒரு பாய் இடத்தில், அது விழ வேண்டியதுதான் பாக்கி. யூனியன் செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, போதும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க. பச்சப்புள்ள.”

“சொல்லிருவேன்யா. சொன்னா அது பிச்சையாப் போயிரும். அந்தப் பொம்பள இத்தனை நாளும் எங்கிட்ட பிச்சை கேட்டா கல்லு சுமந்துச்சு?”

தார்ப்பாய்க்கு உள்ளேயிருந்து சீனித்தாய் தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. “வைங்க அண்ணாச்சி. ஒங்க முறை.”

அவர் குனிந்து வைத்தார். வைத்துவிட்டு நிமிர அவருக்கு நேரம் பிடித்தது. வெட்கமில்லாமல் எல்லோர் முன்னாலும் அழுதார். எங்களுக்கு அவர்மேல் கோபம் வந்தது, கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

விடிந்தபோது எல்லாம் தார்ரோட்டு ஓரத்தில் இருந்தன. கருங்கற்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, கழுவித் துடைத்தவைபோல. பானை, தகரம், மூங்கில். பாயில் கனியும் அவள் மார்பில் குழந்தையும் தூக்கம் கலையாமல் அப்படியே. சுவர்மூலையில் நிலம் வழவழவென்று கிடந்தது. அங்கே எதுவோ இருந்தது என்று தெரிந்தது, எது எங்கே என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சீனித்தாய் அந்த நிலத்தைப் பார்த்துப் பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பூரணம் தூக்குவாளியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். ரோட்டோரத்தில் பேத்தியைக் கண்டதும் அவள் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம்.

“ரோட்டுலயா பெத்துப்போட்டீக எங்க வீட்டுப் புள்ளைய?”

“ரோட்டுல இல்ல அத்தை,” என்றாள் கனி எழுந்து உட்கார்ந்து. “எங்கம்மா வீட்ல.”

“எது ஒங்கம்மா வீடு? எங்க இருக்கு? காட்டு பாப்போம்.”

கனி கையைத் தூக்கினாள். தூக்கிய கை அங்குமிங்கும் அலைந்துவிட்டு நின்றது. அவள் எங்களைப் பார்த்தாள், நாங்கள் தனுஷ்கோடியைப் பார்த்தோம். “அம்மா வீட்லதான் பொறந்துச்சு, நா சாட்சி,” என்றார் அவர், ஆனால் அவருக்கும் கை நீட்டத் தெரியவில்லை.

பூரணம் குழந்தையைத் தூக்கப் போனாள். சீனித்தாய் நடுவில் வந்து நின்றாள்.

“பசியோட வந்திருப்பீக மதினி. எம்மக வீட்டுக்காரக சாப்பிடாமத் திரும்பக் கூடாது. செத்த இருங்க.”

ரோட்டோரத்து வரிசையிலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெறும் நிலத்துக்குள் நடந்தாள். தனுஷ்கோடியின் மகன் ஒரு வெள்ளைக் கல்லையும் கடப்பாரையையும் தூக்கிக்கொண்டு முந்தி ஓடினான். அவன் ஓங்கிப் போட்ட கடப்பாரை கணகணவென்று துள்ளித் தூர விழுந்தது.

“விடுறா,” என்று கத்தினார் தனுஷ்கோடி. “தாயி முறை.”

கத்திவிட்டு அவர் நிலத்தைப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார். எடுக்கும்போது எடுப்பதில்தான் கண் இருந்தது அவருக்கு. எடுத்த பிறகு உள்ளே எவ்வளவு பெரிய வெற்றிடம் திறந்துகொண்டது, அதில் சரியான இடத்தில் இன்னொரு கல் விழுந்தால் அவருடைய வெள்ளைக் கற்களில் எத்தனைக்கு மூச்சு முட்டும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. எடுக்கிறவர்கள் யாரும் அதை யோசிப்பதில்லை. “அடேயப்பா,” என்றார் மெதுவாக.

சீனித்தாய் சுவரைப் பார்த்தாள், வெள்ளைக் கற்களைப் பார்த்தாள், ஓர் இடத்தில் நின்றாள். அவள் கடப்பாரை போட்டதும் மண் பிளந்து வழிவிட்டது. கல்லை ஊன்றி, காலால் மண்ணை மிதித்து இறுக்கி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அந்தக் கல்லைத் தவிர அங்கே சுவர் இல்லை, கூரை இல்லை, அடுப்பும் இல்லை.

“இதுதான் மதினி வீடு,” என்றாள். “உள்ள வாங்க.”

பூரணம் அந்த ஒற்றைக் கல்லைப் பார்த்தாள். மருமகளையும் பேத்தியையும் சுற்றி நிற்கிற ஊரைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.